சொந்தமா ஸ்போர்ட்ஸ் கார் கட்டப் போறீங்களா? முதல்ல காஸ்டிங் ஷீட் போடுங்க

போன ரிட்டர்ன் சீசன்ல ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 27. அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், கைக்கு வர்ற சம்பளம் 58,000. ஃபார்ம் 16-ஐக் கொடுத்துட்டு, "அண்ணா, இன்னொண்ணு கேக்கணுங்க. எட்டு லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமுங்களா?"ன்னார். எதுக்குன்னு கேட்டேன். போனை நீட்டினார்.

பல்லடத்தில் அவர் மாமா ஷெட். பழைய எஸ்டீம் கார்ல இருந்து கழட்டின 1.3 லிட்டர் இன்ஜின், பக்கத்தில் பைப் வெல்டிங் பண்ணின பாதி ஃப்ரேம். ரெண்டு சீட், கூரை கிடையாது, ஃபைபர் பாடி. தினமும் ஆபீசுக்கு அதுல போறது, மாசம் ஒரு ஞாயிறு செட்டிபாளையம் ரேஸ் டிராக்ல ஓட்டுறது. இதுதான் பிளான்.

"வேண்டாம், எஸ்ஐபி போடுங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கே அந்த ஆசை இருக்கிறதால சொல்ல முடியலை. அதுவும் நம்ம ஏரியாவுக்கு இது புதுசு இல்லை. கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் கட்டினார். பேரு ஃபார்முலா மாருதி. 796 சிசி தான். ஆனா பார்ட்ஸ் உள்ளூர் கடையில் கிடைக்கும், உடைஞ்சா ரிப்பேர் பண்ண முடியும். ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நம்ம நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டினவர்தான். 1995-ல் சின்ன விமானம் விழுந்த விபத்தில் கரிவரதன் இறந்துட்டார். 2003-ல் செட்டிபாளையத்தில் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரில் இருக்கிறதுதான். 2.1 கிலோமீட்டர் டிராக். திருப்பூர்ல இருந்து பல்லடம் வழியா கிளம்பினா ஒரு மணி நேர தூரம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. கரிவரதன் கட்டினது டிராக்குக்கு மட்டும். ரோட்டுக்கு இல்லை.

அப்ப வெளிநாட்டில் எப்படி ரோட்டில் ஓட்டுறாங்கன்னு தம்பி கேட்டார். அதுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு வரிக் கதை. 1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் காரை அறிமுகம் பண்ணினார். முழுசா கட்டின காரை வாங்கினா அங்கே பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு. பார்ட் பார்ட்டா பெட்டியில் வாங்கி வீட்டில் மாட்டிக்கிட்டா கிடையாது. ஆனா எப்படி மாட்டணும்னு வழிகாட்டி கொடுக்கக் கூடாது. அதனால எப்படிக் கழட்டணும்னு எழுதிக் கொடுத்தாங்க, வாங்கினவங்க அதைப் பின்னாடி இருந்து படிச்சு மாட்டினாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. 1973-ல் அந்த வரி போய் வாட் வந்தது, சலுகையும் போச்சு. அதே வருஷம் லோட்டஸ் கைகழுவின மாடலை கேட்டர்ஹாம் கம்பெனி எடுத்துக்கிச்சு. இன்னிக்கும் அதே டிசைன் கிட்டாகவும் கிடைக்குது.

அதாவது கிட் கார்ங்கிறதே சட்டமும் வரியும் இடம் கொடுத்ததால வளர்ந்த ஹாபி. நம்ம ஊர்ல ரெண்டும் எதிர்ப்பக்கம் நிக்குது.

மத்திய மோட்டார் வாகன விதி 126 படி, ரோட்டுக்கு வர்ற மாடலோட மாதிரி வண்டியை புனே ஏஆர்ஏஐ மாதிரி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் டெஸ்ட் பண்ணி சான்று வாங்கணும். 2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ் 6 வேற. எஸ்டீம் இன்ஜின் அதுக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரே ஒரு கார் கட்டுற ஆளுக்கு அந்த டெஸ்ட் செலவு கட்டுப்படியாகாது.

"பழைய எஸ்டீம் ஆர்சி இருக்குதுங்களே, அதை வெச்சு ஓட்டிக்கிறேன்"னார். இந்த யோசனை நிறைய பேருக்கு வரும். ஆர்சி சொல்ற கார் வேற, நீங்க கட்டின கார் வேற. பிரிவு 52 படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியா சொல்லிடுச்சு. பிரிவு 182ஏ படி ஓனருக்கு 6 மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். அபராதம்கூட சின்ன விஷயம். ஆபீஸ் போற வழியில் யாரையாவது இடிச்சுட்டா? அந்த இன்ஷூரன்ஸ் பாலிசி நீங்க ஓட்டின வண்டிக்கே இல்லைன்னு கம்பெனி வாதாடும். தீர்ப்புத் தொகை உங்க தலையில் வந்து விழலாம். 58,000 சம்பளத்துக்கு அது வாழ்நாள் கடன்.

ஆக, ஆபீஸுக்குப் போறதுங்கிற பாதி பிளான் அங்கேயே முடிஞ்சது. ரோட்டுக்கும் பேப்பர் இருக்கிற ரெண்டு சீட் வேணும்னா, கோவாவில் சான் மோட்டார்ஸ் ஒரு காலத்தில் கட்டின சான் ஸ்டார்ம் மாதிரி ஃபைபர் பாடி வண்டியைப் பழைய மார்க்கெட்ல தேடணும். சுலபமா சிக்காது.

இப்ப காஸ்டிங். மெர்ச்சன்டைசர் இல்லையா, எக்ஸெல்ல அழகா போட்டு வெச்சிருந்தார். இன்ஜின், கியர்பாக்ஸ், ஃப்ரேம், ஃபைபர், சீட், ரோல் கேஜ். கூட்டினா எட்டு லட்சம்.

நான் கேட்டேன்: "ஒரு டி-ஷர்ட்டுக்கு காஸ்டிங் அனுப்பறப்ப நூல், நிட்டிங், டையிங், சிஎம்டி மட்டும் போட்டு அனுப்புவீங்களா? ப்ராசஸ் லாஸ், ரிஜெக்ஷன் எங்கே?" சிரிச்சுட்டார். முதல் தடவை ஃப்ரேம் கட்டுற யாருக்கும் ஒரே வெல்டிங்ல எல்லாம் சரியா உட்காராது. குறைஞ்சது 20 சதவீதம் ரீவொர்க்குக்கு ஒதுக்குங்கன்னேன்.

லோன் கணக்கு இப்படி. எட்டு லட்சம், 14 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 18,600. மொத்தம் கட்டுறது கிட்டத்தட்ட 11.17 லட்சம். ரீவொர்க்கை இதில் சேர்க்கவே இல்லை. அப்புறம் ஓட்டுற செலவு. டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், பெட்ரோல், டிராக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாசம் ஒரு ஞாயிறுக்கு 12,000-ன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். (நான் ஒரு தடவை என் சாதா ஹேட்ச்பேக்கை டிராக் டேக்குக் கொண்டு போனேன். சாயந்திரம் முன் பிரேக் பேட் காலி. வீட்டில் இன்னும் அந்த பில்லைச் சொல்லிக் காட்டுறாங்க.) ஆக மாசம் 30,600. சம்பளத்தில் பாதிக்கு மேல.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூர்ல ஆர்டர் எப்படி நின்னதுன்னு உங்களுக்குத் தெரியும். பர்சனல் லோன் இஎம்ஐ அதுக்காக நிக்காது. பாதி கட்டின காரை வித்துக் கடனை அடைக்கவும் முடியாது. பேப்பர் இல்லாத வண்டியை இன்னொரு ஆர்வக்கோளாறுதான் வாங்கணும்.

வித்தாலும் வரியில் உதவி கிடையாது. சொந்த உபயோக கார், வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து கணக்கில் வராது. எட்டுக்குக் கட்டி மூணுக்கு வித்தா, அந்த அஞ்சு லட்சம் நஷ்டத்தை மியூச்சுவல் ஃபண்ட் லாபத்தில் கழிக்க முடியாது. "எங்க முதலாளி பையன் கம்பெனி பேர்ல கார் வாங்கி வரி மிச்சம் பண்றாரே"ன்னு கேப்பீங்க. தொழிலுக்கு ஓடுற காருக்கு வருஷம் 15 சதவீத தேய்மானம் அவங்களுக்கு உண்டு. சம்பளக்காரருக்கு இல்லை.

இன்ஷூரன்ஸ் பக்கம் ரெண்டு விஷயம், கொஞ்சம் நின்னு படிங்க. சாதாரண கார் பாலிசியில் ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங் உபயோகத்துக்கு கவர் கிடையாது. டிராக்ல தடுப்பில் இடிச்சா பம்பர் காசு உங்களது. ஹெல்த் பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 09-ன்னு ஒரு வரி எல்லா கம்பெனியிலும் ஒரே மாதிரி இருக்கும். மோட்டார் ரேஸிங் பேரே அதில் வரும். ஆனா அது தொழில்முறையா கலந்துக்கிறவங்களுக்குன்னு எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு ஓட்டுறவரை இந்த வரியை மட்டும் காட்டி மறுக்கிறது கஷ்டம். பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி வேற கதை. அதில் இந்த "தொழில்முறை"ங்கிற சொல் இல்லாமலே விலக்கு இருக்கலாம், எடுத்துப் படிங்க. டெர்ம் பிளான் ஃபார்ம்ல ஆபத்தான ஹாபி இருக்கான்னு கேட்டா இருக்குன்னு எழுதுங்க. பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. மறைச்சா, பின்னாடி அலையப் போறது உங்க வீட்டில் இருக்கிறவங்க.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். லோன் வேண்டாம். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் முதல்ல. அப்புறம் மாசம் 15,000 ஒரு தனி ஆர்டி. மூணு வருஷத்தில் வட்டியோட 6 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே சேரும். கார் டிராக்குக்கு மட்டும், அதனால லைட், வைப்பர் செலவெல்லாம் மிச்சம். அதுக்கு நடுவில் காசு கட்டி யாரோட ரேஸ் காரையாவது ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. எல்ஜிபி ஃபார்முலா 4 கார்ல இருக்கிறதும் ஸ்விஃப்ட் இன்ஜின்தான், நீங்க கட்டுறதுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு நாள் ஓட்டிட்டு முதுகுவலியோட "போதும்டா சாமி"ன்னு தோணினா ஆறு லட்சம் மிச்சம். இன்னும் வேணும்னு தோணினா கட்டுங்க. நானும் வர்றேன்.

லோன் விண்ணப்பத்தை அவர் வாபஸ் வாங்கிட்டார். ஆர்டி ஓடுது. இன்ஜின் இப்பவும் மாமா ஷெட்லதான், மேலே பனியன் வேஸ்ட் போட்டு மூடி வெச்சிருக்கார். போன வாரம் புது எக்ஸெல் அனுப்பினார். ப்ராசஸ் லாஸ் 20 சதவீதம்னு தனி வரி, பார்க்கவே சந்தோஷமா இருந்தது. "ரோட்டில் ஓட்டக் கூடாத வண்டியாச்சே, பல்லடத்தில் இருந்து செட்டிபாளையத்துக்கு எதில் ஏத்திட்டுப் போவீங்க?"ன்னு கேட்டேன்.

"அட, டெம்போ வாடகையை விட்டுட்டேனுங்கண்ணா"ன்னார்.