மான் வேட்டைக்காரர்களின் மலைக் குடில்கள்

மானைச் சுட்டால் சிறைக்குப் போக வேண்டிய நாட்டில் வாழ்கிறோம் நாம். மானைச் சுடுவதற்கென்றே அரசாங்கம் ஆள் எடுத்து, சம்பளமும் தோட்டாவும் கொடுத்து மலைக்கு அனுப்பிய நாடு ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? அதுதான் நியூசிலாந்து. அந்த வேட்டைக்காரர்களின் கதை சுவையானது. அந்தக் கதை மறைந்துபோகாமல் அந்நாட்டார் காத்துவரும் விதம் அதைவிடச் சுவையானது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் போன்றோருக்கு அதில் ஒரு பாடமும் இருக்கிறது.

கப்பலில் வந்த மான்கள்

நியூசிலாந்துக் காடுகளில் ஆதியில் மான் கிடையாது. வௌவாலைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவுமே கிடையாது. அது பறவைகளின் நாடு. அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள், தாய்நாட்டில் பிரபுக்களுக்கு மட்டுமே வாய்த்த மான் வேட்டையை இங்கே எல்லோரும் ஆடலாமே என்று ஆசைப்பட்டார்கள். 1851 முதல் செம்மான்களைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். 1875-ஐ ஒட்டி இலங்கையிலிருந்து மிளா போயிற்று. 1904-இல் இமயமலை வரையாடு போய்ச் சேர்ந்தது. நம் நீலகிரி வரையாட்டுக்கு அது தூரத்து உறவு. 1905-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வாப்பிட்டி மான்களை அனுப்பினார். 1907-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஷாமோய் என்னும் மலையாடுகளைப் பரிசளித்தார்.

புலி இல்லை, சிறுத்தை இல்லை, ஓநாய் இல்லை. கேட்பானேன்? மந்தை மந்தையாகப் பெருகின. மரக்கன்றுகளையும் புதர்களையும் மேய்ந்து தீர்த்தன. மலைச்சரிவில் மண் அரித்து, கீழே பண்ணைகளை வெள்ளம் சூழ்வதற்கும் மானே காரணம் என்று அதிகாரிகள் கருதினார்கள். 1930-இல் மானுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு அடியோடு நீக்கப்பட்டது. உள்நாட்டு இலாகா, கேப்டன் யெரெக்ஸ் என்பவர் தலைமையில் சம்பள வேட்டைக்காரர்களைத் திரட்டியது. 1956-இல் இந்தப் பொறுப்பு வன இலாகாவுக்கு மாறியது.

வாலுக்குக் கூலி

வேலைக்கு வந்தவர்களில் பலர் இருபது வயதுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள வாலிபர்கள். உலகப் போருக்குப் பின் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும் சேர்ந்தார்கள். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த அதே 303 ரைஃபிள்தான் பலர் கையிலும் இருந்தது. சுட்ட கணக்குக்குச் சாட்சியாகத் தோலையோ வாலையோ கொண்டுவந்து காட்ட வேண்டும். சம்பளத்தோடு அதற்கும் தனியே தொகை உண்டு. மாதக் கணக்கில் மலையில் வாசம். கனத்த இரும்புச் சட்டியில் நெருப்புக் கங்குகளிடையே தாங்களே ரொட்டி சுட்டுக்கொள்வார்கள். மானைவிட ஆறுதான் அவர்களுக்குப் பயம். மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் ஓடை வெள்ளக்காடாகிவிடும். அதைக் கடக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

தொடக்கத்தில் கூடாரம்தான் வீடு. பிறகு வன இலாகா மலையெங்கும் குடில்கள் கட்டியது. 1957 முதல் 1972 வரை 600-க்கும் மேற்பட்ட குடில்கள் எழுந்தன. மரச் சட்டம், தகரக் கூரை, நாலைந்து படுக்கைப் பலகை, ஒரு கணப்பு, அவ்வளவுதான். பாதை தெரிவதற்காக, ஜன்னல் திரைகளுக்குப் பயன்படும் மெல்லிய அலுமினியப் பட்டையை வெட்டி, வண்ணம் பூசி, மரத்துக்கு மரம் ஆணியடித்தார்கள். அதற்குப் 'பெர்மோலாட்' என்று பெயர்.

1960-களில் ஹெலிகாப்டர் வந்தது. வெளிநாட்டுக்கு மான் இறைச்சி விற்பவர்கள் வானிலிருந்தே சுட்டுத் தள்ளினார்கள். 1969-இல் மான் பண்ணை வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. நேற்றுவரை சனியன் என்று சுடப்பட்ட பிராணி, பண்ணையில் வளர்க்கும் செல்வமாயிற்று! கால்நடையாக மலையேறிய வேட்டைக்காரனுக்கு வேலை போயிற்று. 1987-இல் வன இலாகாவே கலைக்கப்பட்டது. குடில்கள் இயற்கைப் பாதுகாப்பு இலாகாவின் பொறுப்பில் வந்தன.

கதையும் வரலாறும்

இவர்களில் ஒருவரான பாரி கிரம்ப், 1960-இல் தம் அனுபவத்தைக் கதையாக எழுதினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. அன்று முதல் மான் வேட்டைக்காரன் என்றால் குறும்பும் துணிச்சலும் மிக்க நாயகன் என்ற படம் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. ஆராய்வோருக்கு அதுவே தலைவலி. பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையில் எது நடந்தது, எது சேர்ந்தது என்று எப்படிப் பிரிப்பது?

அதற்குத்தான் ஆவணம் வேண்டும். வெலிங்டன் ஆவணக் காப்பகத்தில் இலாகாக் கோப்புகள் இருக்கின்றன. குடிலுக்குக் குடில் ஒரு பதிவேடு உண்டு. வந்தவர் பெயர், தேதி, வானிலை, அடுத்துப் போகும் இடம் எல்லாம் அதில் இருக்கும். சுவரிலும் படுக்கைப் பலகையிலும் பென்சிலால் கிறுக்கிய பெயர்களும் சான்றுதான். எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் பழைய புகைப்படத்தையும் வரைபடத்தையும் விரித்துவைத்துக் கேட்டு, சொன்னதைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளைச் சேர்த்துவைக்க வெலிங்டனிலேயே அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகம் இருக்கிறது.

ஆராய்ச்சி நடந்தால் சங்கடமான கேள்விகளும் எழும். கிரேம் காலி என்ற விலங்கியலாளர் 1983-இல் எழுதிய நூலில், மலை மண் சரிவதற்கெல்லாம் மானைக் குற்றம் சொன்னது சரிதானா என்று கேட்டார். நாயகர்களாகக் கொண்டாடப்பட்டவர்கள் வேட்டையாடிய உருவேரா மலைக்காடு, தூஹோ என்னும் மவோரி மக்களின் தாயகம். அவர்கள் குரலும் சேர்ந்தால்தான் வரலாறு முழுமையாகும்.

"கொலைத் தொழிலைப் போய் நினைவில் வைக்கலாமா?" என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். முன்னோர் ஆசைப்பட்டுச் செய்த தவறுக்கு, பின்னால் வந்த வாலிபர்கள் கூலிக்குப் பரிகாரம் தேடினார்கள். அதை மறைத்துவிட்டால் தவறும் அல்லவா மறந்துபோகும்?

தகரக் கூரையைக் காத்தவர்கள்

1995-இல் கேவ் கிரீக் என்ற இடத்தில் பார்வை மேடை ஒன்று சரிந்து 14 பேர் இறந்தார்கள். அதன்பின் மலைப்புறக் கட்டடங்களுக்கெல்லாம் கடுமையான சோதனை வந்தது. 2003-ஐ ஒட்டி, எந்தக் குடிலை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று அரசு கணக்கெடுத்தபோது, மலைப்பிரியர்கள் பதறிப்போனார்கள். மேற்குக் கரையோரத்தில் சிலர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'பெர்மோலாட்'. அந்தப் பழைய அலுமினியப் பட்டைதான்! விடுமுறையில் ஆணியும் சுத்தியலும் சுமந்து மலையேறி, ஒழுகும் கூரையை அடைத்தார்கள். புதர் மூடிய பாதையை வெட்டித் திறந்தார்கள். 2014 முதல் மலையேறுவோர் கழகங்களும் மான் வேட்டையாளர் சங்கமும் மலைச் சைக்கிள்காரர்களும் கைகோத்து, இப்படிப்பட்ட தொண்டர்களுக்கு உதவித் தொகை கிடைக்க வழி செய்தார்கள். இன்று அந்நாட்டு இலாகாவின் பொறுப்பில் 950-ஐ ஒட்டிய குடில்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்தபோது என் தகப்பனார் நினைவு வந்தது. ஒரு தகரப் பெட்டியும் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டுமாக டில்லிக்கு ரயிலேறியவர். கரோல்பாகில் ஒரே அறையில் நான்கு பிரம்மச்சாரிகள். யார் சமைத்தார்கள், வாடகை எவ்வளவு, முதல் குளிருக்குப் போர்வை எங்கே வாங்கினார்கள்? நான் கேட்டதில்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை. பெட்டி மட்டும் பரணில் இருக்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அருகில் உட்காருங்கள். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுங்கள். "வாழ்க்கையில் என்ன சாதித்தீர்கள்?" என்று கேட்க வேண்டாம். "இதில் பக்கத்தில் நிற்பவர் யார்?" என்று கேளுங்கள். சொல்வதை ஒலிப்பதிவு செய்து, ஊர், தேதி, பெயர்களோடு எழுதிவையுங்கள். ஒரு பிரதியை நம் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள்.