வீட்டுக்கு வந்த புதிய ஏவலாள்

மாலை ஆறு மணி. மூவேளைச் செபத்துக்கு ஆலயமணி ஒலிக்கிறது. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ ஒரு மாடி வீட்டில், எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறார்; மேல்தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பதற்காக. பிள்ளைகள் துபாயிலும் டொரான்டோவிலும் இருக்கிறார்கள். மோட்டாரை நிறுத்த மறந்தால் தண்ணீர் தெருவில் ஓடும். ஏறும்போது கால் இடறினாலோ, தூக்கிவிட ஆளில்லை. நம் தென்புறநகர்ப் பங்குகளில் இது அரிய காட்சி அன்று.

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அன்று ஊராரை வியக்கவைத்த மின்சாரம், இன்று ஏவாமலே வேலை செய்யும் ஏவலாளாக நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டது. ‘ஸ்மார்ட் ஹோம்’ என்று விளம்பரங்கள் இதனை அழைக்கின்றன. குரல் கேட்டு விலகும் திரைச்சீலையும், நிறம் மாறும் விளக்கும் இல்லாமற் போனாலும் குடும்பம் நடக்கும். ஆயினும் முதியோர் வாழும் வீட்டுக்குச் சில கருவிகள் மெய்யாகவே துணையானவை.

தண்ணீர்

முதலாவது, மோட்டாரைத் தானே இயக்கும் கருவி. மேல்தொட்டியிலும் தரைக்கடியில் உள்ள சம்ப்பிலும் உணர்கருவிகள் பொருத்தப்படுகின்றன. மேலே நீர் குறைந்தால் மோட்டார் ஓடும், நிரம்பினால் நிற்கும், சம்ப் வறண்டிருந்தால் ஓடவே ஓடாது. வெறுமனே ஓடி மோட்டார் பழுதாவதும் இதனால் தவிர்க்கப்படுகிறது. நிமிடத்திற்கு 40 லிட்டர் ஏற்றும் மோட்டார், நிரம்பிய தொட்டிக்குப் பத்து நிமிடம் வீணே ஓடினால் 400 லிட்டர் தண்ணீர் வழிந்து போகிறது. சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காக மக்கள் குடங்களோடு காத்து நின்ற 2019ஆம் ஆண்டுக் கோடையை நினைப்பவர்க்கு அதன் விலை விளங்கும். வேண்டாத விளக்கை அணைப்பது போன்ற சிறு செயலும் படைப்பைப் பேணும் அன்பின் செயலே என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நமக்கு உணர்த்தவில்லையா?

நெருப்பும் இருளும்

அடுத்து, சமையலறை. எரிவாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவி உண்டு. நம் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. ஆதலால் அக்கருவியைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். அது ஒலித்தால் விளக்கு, விசிறி எதன் சுவிட்சையும் தொடலாகாது. சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நள்ளிரவில் முதியவர் படுக்கையை விட்டு எழுந்தவுடன் தானே எரியும் சிறு விளக்கு, அவரை விழாமற் காக்கும். மின்கசிவு நேர்ந்தால் கண்ணிமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு, எல்லாவற்றுக்கும் முன்பாக வாங்க வேண்டியது.

ஏவலாள் அறியாதவை

ஆனால் 2015 டிசம்பரை நாம் மறத்தல் ஆகாது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நின்றது; கைபேசிகள் ஊமையாயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையிலும் புறநகரின் தாழ்ந்த பகுதிகள் மீண்டும் நீரில் நின்றன. அத்தகைய நாளில் சம்ப்புக்குள் சாக்கடை நீர் கலந்துவிடும். மின்சாரம் திரும்பியதும், தானியங்கி மோட்டார் அந்த அழுக்கு நீரையே மேல்தொட்டிக்கு ஏற்றிவிடும்! கருவி நீரின் அளவை அறியும், தூய்மையை அறியாது. எனவே பெருமழை வருமுன் அதனைக் கையால் நிறுத்தி வைப்பது நம் கடமை. நிறுத்தும் வகையை வீட்டிலுள்ள மூத்தோருக்கும் கற்பித்து, குறிப்பைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டிலுள்ள மகன், தாயின் அறையில் காமிரா பொருத்தி அங்கிருந்தபடியே பார்க்கிறான். எண்ணம் நல்லதே. ஆயினும் அம்மாவின் இசைவைக் கேட்டானா? வாசலிலும் கூடத்திலும் காமிரா போதுமே! படுக்கையறையின் மறைவு முதுமையிலும் ஒருவருக்கு உரியதல்லவா? அன்றாடம் பார்ப்பது வேறு, அன்றாடம் பேசுவது வேறு. தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமென ஜூலைத் திங்களின் நான்காம் ஞாயிறைத் திருஅவை 2021 முதல் சிறப்பிப்பது, அவர்கள் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள் என்பதற்காக அன்று. போற்றப்பட வேண்டியவர்கள் என்பதற்காகவே.

ஆகவே, இயன்றவர்கள் கருவிகளை வாங்குங்கள். மாடிப்படி ஏறும் துன்பம் பெற்றோருக்கு ஒழியட்டும். அத்துடன் வீட்டின் மாற்றுச் சாவியொன்றை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். தனித்து வாழும் முதியோர் யாரென்று ஒவ்வோர் அன்பியமும் அறிந்திருக்கட்டும். மின்விளக்கு அணைந்த இரவில் கதவைத் தட்டப்போவது கருவி அன்று, மனிதரே.

பத்துக் கன்னியர் கையிலும் விளக்கு இருந்தது. எண்ணெயை முன்னதாகவே சேர்த்து வைத்திருந்தவர் ஐவர்தாம். புதிய விளக்குகள் நம் இல்லங்களில் ஒளிரட்டும். அன்பு என்னும் எண்ணெய் அவற்றுள் வற்றாதிருக்கட்டும்.