சந்தா என்னும் கண்ணி

பாட்டுக் கேட்கவும், சினிமாப் பார்க்கவும், பாடம் படிக்கவும் கைபேசிச் செயலிகளுக்கு மாதச் சந்தா செலுத்தும் வழக்கம் நம் தேசத்தில் பெருகி வருகிறது. வியாபாரம் வளர்வதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால், சேருவதற்கு விரலால் ஒரு முறை தொட்டால் போதும், விலகுவதற்கோ பல திரைகளைக் கடந்து தேடியலைய வேண்டும் என்று ஏற்பாடு செய்வது நேர்மையான வியாபாரமாகாது. முதல் மாதம் இலவசம் என்றழைத்து, அப்பொழுதே பாங்கிக் கார்டின் விவரங்களை வாங்கிக்கொண்டு, ஜனங்களின் மறதியையே முதலாக வைத்து நடத்தும் தொழில் அது.

சர்க்கார் இதை அறியாமலில்லை. கார்டிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புத் தரவேண்டும் என்னும் ரிசர்வ் பாங்கின் விதி, 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை வஞ்சக யுக்திகளைக் குறிப்பிட்டுத் தடை செய்தது. சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைப்பதும், அதைச் சிக்கலாக்குவதும், இலவசச் சந்தாவுக்கே பணம் பிடிக்கும் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும் அவற்றுள் அடங்கும்.

விதி நல்லதே. ஆயினும், எத்தனை திரைகளைக் கடக்கச் செய்தால் அது சிக்கலாகும் என்று விதி வரையறுக்கவில்லை. மேலும் 2025 ஜூனில் அவ்வாணையம், மூன்று மாதத்திற்குள் தங்களைத் தாங்களே பரிசோதித்துக்கொள்ளுமாறு இணைய வியாபாரிகளுக்கு யோசனை கூறிற்று. பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது போன்றதே இது.

அமெரிக்காவில், சேருவது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாயிருக்க வேண்டுமென 2024-ல் ஒரு விதி செய்தார்கள். நடைமுறைக் குறையைக் காரணங்காட்டி 2025 ஜூலையில் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. விதி வீழ்ந்தாலும் அதன் நியாயம் வீழவில்லை. அதே அளவுகோலை நம் சர்க்கார் தெளிவான சட்டமாக்க வேண்டும்; பரிசோதனையை வியாபாரியிடம் விடாமல் தானே நடத்த வேண்டும்.

நூறு இருநூறு ரூபாய்க்காக யார் வழக்காடுவது என்று ஜனங்கள் வாளாவிருக்கிறார்கள். அந்த மௌனமே வியாபாரியின் லாபம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் அவர்களுக்காகவே இருக்கிறது. பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் இதை ஊர்தோறும் எடுத்துச் சொல்வார்களாக. முறையீடுகள் குவிந்தாலன்றிச் சட்டம் உயிர் பெறாது.