அவ்விடம் க்ஷேமமா?

ஹாலந்து தேசத்து லைடன் நகரில், 1905-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22-ஆம் தேதி, திடகாத்திரமான ஒரு மனிதர் ஆராய்ச்சிசாலையிலிருந்து சைக்கிள் ஏறி ஆஸ்பத்திரிக்குச் சென்று, அங்கே உப்புநீர் நிரப்பிய பாத்திரங்களில் கைகளை அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய இருதயத் துடிப்பில் பிறந்த நுண்ணிய மின்சாரம் டெலிபோன் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் பிரயாணம் செய்து, அவர் புறப்பட்டு வந்த அதே ஆராய்ச்சிசாலையை அடைந்து, பேராசிரியர் வில்லெம் ஐந்தோவனின் யந்திரத்தில் ஒரு கோடாகப் பதிந்தது. கோட்டின் சிகரங்கள் சில அளவுக்கு மிஞ்சி உயர்ந்திருந்ததற்கு, அவர் சைக்கிள் மிதித்து வந்த சிரமமே காரணமென்று கொள்ளப்பட்டதாம். ஐந்தோவனின் யந்திரம் ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ளது. அதை இயக்க ஐந்து பேர் தேவை. யந்திரத்தை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோவது அசாத்தியம், நோயாளியை யந்திரத்தண்டை தூக்கிவருவதோ உசிதமில்லை என்ற நிலையில், அவர் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பியை இழுத்துவிட்டார்.

தூரத்திலிருந்தே ஓர் உடம்பைக் கவனிக்க முடியும் என்பது ஆக அன்றைக்கே ருசுவாகிவிட்டது. அப்படிக் கவனிக்கப்படுகிறவன் அதனால் சௌக்கியமாக இருக்கிறானா என்பதைப் பெரிய அளவில், முறையாக விசாரிப்பதற்குத்தான் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

அந்த விசாரணைக்கு மிகவும் ஏற்றதாக அமைந்த வியாதி, டாக்டர்கள் இருதயச் செயலிழப்பு என்று சொல்லும் வியாதி. பெயரைக் கேட்டு இருதயம் நின்றேபோய்விடுவதாக எண்ணிப் பயப்பட வேண்டாம்; பலவீனப்பட்ட இருதயம் வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ள மாட்டாமல் தடுமாறும் நிலையே அது. இரத்தம் குறைவாக வந்துசேரவே, சிறுநீரகமானது உடம்பில் நீர் வற்றிவிட்டது போலும் என்று ஏமாந்து, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கணுக்கால் வீங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும், நள்ளிரவில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்புவதும் அதன் பின்விளைவுகள். ஆனால் அவையெல்லாம் வருமுன்பே, இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ எடை ஏறிவிடுவதுண்டு. எடை பார்க்கும் மெஷின் ஒன்று வீட்டிலிருந்து, அது காட்டும் எண்ணைக் காலைதோறும் யாராவது ஒருவர் கவனித்து, நீர் பிரியும் மாத்திரையை உரிய நேரத்தில் சற்றுக் கூட்டிவிட்டால், பல நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே தப்பலாம் என்ற எண்ணம் யாருக்கும் தோன்றக்கூடியதே.

அமெரிக்காவில் இந்த எண்ணத்தை 1,653 நோயாளிகளிடம் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். சோதனையில் சேர்ந்தவர்களில் ஒரு பாதியினர், ஆறு மாத காலம், தினமும் ஒரு டெலிபோன் எண்ணைக் கூப்பிட வேண்டும்; முன்னரே பதிவு செய்த குரல் ஒன்று, எடை எவ்வளவு, மூச்சுத் திணறல் உண்டா என்றெல்லாம் கேட்கும்; அவர்கள் டெலிபோன் பொத்தான்களை அழுத்தி விடை சொல்ல வேண்டும்; அந்த விடைகளை வைத்தியசாலைக்காரர்கள் வேலை நாட்களில் எடுத்துப் பார்ப்பார்கள். விளைவு என்னவென்றால், மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாகக் கூப்பிட்டவர்களில் 52.3 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 51.5 சதவீதம். வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. கூப்பிட வேண்டியவர்களில் 14 சதவீதத்தினர் ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில், வாரம் மூன்று முறையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதமே. பதிவு செய்த குரலுக்குத் தினந்தோறும் சமாசாரம் சொல்லிக்கொண்டிருக்க மனிதனால் எத்தனை நாள் முடியும்? அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

நம் பாட்டன்மார் எழுதிய கடிதங்களின் தலைப்பில், ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்குப் பதில் எழுதவும்’ என்றொரு வாசகம் தவறாமல் இருக்கும். கல்யாணச் சேதியானாலும் கடன் கேட்கிற சேதியானாலும் அதை எழுதாமல் மேலே போகமாட்டார்கள். அந்த வாசகத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்ட ஏற்பாடாகவே இந்த டெலிபோன் சோதனை எனக்குப் படுகிறது.

பின்பாதியையும் சேர்த்துச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். பெர்லின் நகரத்து ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் ஃப்ரீட்ரிக் கோலர் என்ற டாக்டரின் தலைமையில், 2013-இல் தொடங்கி, 1,571 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையில், ஒரு பாதியினருக்கு எடை மெஷின், இரத்த அழுத்த மானி, சிறிய ஈ.சி.ஜி. கருவி, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கருவி ஆகியவை கொடுக்கப்பட்டன. கருவிகளோடு ஒரு நர்ஸும் வீட்டுக்கே வந்து, அவற்றைக் கையாளவும் வியாதியைப் புரிந்துகொள்ளவும் சொல்லிக்கொடுத்தார். தினமும் வந்துசேரும் அளவுகளைப் பார்க்கவும், நோயாளி கூப்பிட்டால் எடுத்துப் பேசவும், பெர்லினில் இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் டாக்டர்களும் நர்ஸுகளும் விழித்திருந்தார்கள். மாதம் ஒருமுறை அவர்களே நோயாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, நூறு பேரை ஓராண்டு கவனித்தால், இந்த ஏற்பாட்டில் இருந்தவர்களில் 7.9 பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 11.3 பேர். ஆண்டில் ஆஸ்பத்திரியிலோ மரணத்திலோ இழந்த நாட்கள் 24.2-லிருந்து 17.8-ஆகக் குறைந்தன. சோதனை முடிந்து, பெர்லினில் விழித்திருந்தவர்கள் விலகிக்கொண்ட பிறகு, மேலும் ஓராண்டு நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தடுப்பூசியைப் போல ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய சமாசாரம் அல்ல இது.

ஆயினும் ஓர் இடறல் இருக்கிறது. வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நோயாளிகளையே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டபோது, பெர்லின் சோதனையின் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஆயுள் கூடியது, அந்த ஆயுளின் ருசி கூடியதாகத் தெரியவில்லை.

இந்த முரண்பாடு இங்கிலாந்தில் இன்னும் அம்பலமாக வெளிப்பட்டது. கார்ன்வால், கென்ட், லண்டனின் நியூஹாம் ஆகிய மூன்று பிரதேசங்களில் 2008 முதல் அரசாங்கமே நடத்திய பெரிய சோதனையில், சர்க்கரை வியாதி, நுரையீரல் அடைப்பு, இருதயச் செயலிழப்பு உள்ள 3,230 பேர் கவனிக்கப்பட்டார்கள். ஓராண்டில் கருவி பெற்றவர்களில் 4.6 சதவீதமும் பெறாதவர்களில் 8.3 சதவீதமும் இறந்ததாகக் கணக்கு வரவே, மந்திரிகள் உற்சாகமடைந்து, முப்பது லட்சம் பேருக்கு இதை வழங்கப்போவதாக 2012-இல் பறைசாற்றினார்கள். பறையொலி அடங்குமுன்பே அடுத்த கட்டுரைகள் வந்தன. கருவி பெற்றவர்களின் வாழ்க்கைத் தரமோ, மனக் கவலையோ, மனச்சோர்வோ எந்த வகையிலும் மாறவில்லை என்றது ஒன்று. ஆரோக்கியமாகக் கழியும் ஓராண்டு வாழ்வைப் பெற, அந்நாட்டில் அப்போது 30,000 பவுனுக்கு மேல் செலவிடத் தயங்கினார்கள். இந்த ஏற்பாட்டிலோ அது 92,000 பவுன் ஆகிறது என்றது மற்றொன்று. மந்திரிகள் கட்டுரைகளை வரிசையாகப் படித்துவிட்டுப் பேசினால் பத்திரிகைகளுக்குச் சேதி குறையும் என்பது வேறு விஷயம்.

உடம்பை அளப்பதை விட்டு, உடையவரையே கேட்டால் என்ன என்று நியூயார்க் புற்றுநோய் ஆஸ்பத்திரியொன்றில் ஈத்தன் பாஷ் என்ற டாக்டர் யோசித்தார். கீமோதெரபி பெறும் நோயாளி, டாக்டரின் முன் உட்காரும் சில நிமிஷங்களில் பல உபாதைகளைச் சொல்லாமலே எழுந்துவிடுகிறார். சொன்னவற்றிலும் சில டாக்டரின் குறிப்பில் ஏறுவதில்லை. 766 பேரைச் சேர்த்து, ஒரு சாராரிடம் மட்டும், வலி, குமட்டல், பசியின்மை, மூச்சிரைப்பு, கைகால் மரத்துப்போதல் முதலான பன்னிரண்டு உபாதைகளைக் கணினி மூலம் கேட்டார்கள். உபாதை கடுமையானால் நர்ஸுக்கு உடனே மின்னஞ்சல் போகும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நர்ஸுகள் ஏதேனும் ஒரு பரிகாரம் செய்தார்கள். ஆறு மாதத்தில் வாழ்க்கைத் தரம் உயர்ந்தவர்கள் இந்தச் சாராரில் 34 சதவீதம், மற்றவரில் 18 சதவீதம். 2017-இல் ஆயுளையும் கணக்கிட்டபோது, நடு அளவு 31.2 மாதம், மற்றவருக்கு 26 மாதம் என்று வந்தது. புதிய மருந்து ஏதும் இல்லாமலே. பின்னர் 52 சிகிச்சை நிலையங்களில் 1,191 பேரிடம் இதைத் திருப்பிச் செய்து பார்த்ததில், உபாதை குறைந்ததும் வாழ்க்கை இலகுவானதும் உறுதிப்பட்டன. ஆயுள் நீண்டது மட்டும் உறுதிப்படவில்லை. இங்கிலாந்துக் கதை தலைகீழாகிவிட்டது!

பாஷின் முதல் சோதனையில் இன்னொரு விந்தை உண்டு. சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கணினி பழகாதவர். வீட்டிலிருந்து எழுத இயலாத அவர்கள், ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் மட்டும், அங்கே வைத்திருந்த திரையைத் தொட்டுப் பதில் சொன்னார்கள். இவர்களுக்குப் பலன் குறைவாக இருக்குமென்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பழகியவர்களைவிட இவர்களுக்கே பலன் அதிகமாயிற்று. காரணத்தை நான் ஊகிக்கத்தான் முடியும். கணினி பழகியவர்கள், டாக்டரை நிறுத்தி வைத்து வேண்டியதைக் கேட்டுப் பெறும் சாமர்த்தியமும் உடையவர்களாக இருந்திருப்பார்கள். மற்றவர்கள், கால் மரத்துப்போவதெல்லாம் பெரிய டாக்டரிடம் சொல்லத்தக்க விஷயமா என்று கூசி, கேட்பார் இல்லாததால் சொல்லாமலே வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களாக இருக்கலாம்.