கூடுதல் குதிரைத்திறனுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

2019இல் சந்தைக்கு வந்த போர்ஷே 911 வரிசையில் இரண்டு கார்களைப் பார்ப்போம். கரேராவின் இயந்திரத் திறன் 385 குதிரைத்திறன். விலை கூடிய கரேரா எஸ் காருக்கு 450. ஏறத்தாழ 17 விழுக்காடு அதிகம். வேகமும் அதே அளவு கூடுமா?

கூடாது. கரேராவின் உச்ச வேகம் மணிக்கு 293 கிலோமீட்டர். எஸ் காருக்கு 308. வித்தியாசம் 5 விழுக்காடுதான்.

காரணம் காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை இருமடங்கு வேகத்தில் முட்டித் தள்ள எட்டு மடங்கு திறன் வேண்டும். இந்தக் கணக்குப்படி, வேகத்தை 5 விழுக்காடு கூட்டவே சுமார் 16 விழுக்காடு கூடுதல் திறன் செலவாகிறது.

நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, கரேராவுக்கு 4.2 வினாடி, எஸ் காருக்கு 3.7. அரை வினாடி மிச்சம். அதன்பின்? மலேசிய நெடுஞ்சாலைகளில் உச்சவரம்பு 110, சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் 90. இரண்டு கார்களும் ஒரே வேகத்தில்தான் போகவேண்டும்.

எஸ் காரின் முன் பிரேக் வட்டு பெரியது: 350 மில்லிமீட்டர். கரேராவுக்கு 330. செப்பாங் போன்ற பந்தயத் தடத்தில் அடுத்தடுத்து பிரேக் பிடிக்கும்போது எழும் வெப்பத்தைப் பெரிய வட்டு நன்றாகத் தாங்கும். சாலையில் ஒரே முறை சட்டென நிறுத்த, டயரின் பிடிமானமே முக்கியம்.

ஆகவே, அடிக்கடி தடத்தில் ஓட்டுவோருக்குக் கூடுதல் விலை பயன் தரும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயர்களுக்கு ஒதுக்கலாம். மழையில் நனைந்த சாலையில் காப்பாற்றுவது அவைதான்.