லாங்போர்டு வாங்கப் போறீங்களா? பலகைக்கு முன்னாடி சக்கரத்தைப் பாருங்க!

"இதுல பிரேக் எங்கப்பா இருக்கு?" பிள்ளை லாங்போர்டு கேட்டதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சரியான கேள்விதான். பிரேக் கிடையாது. ஓட்டுபவரின் ஷூதான் பிரேக்.

படப்பை, மணிமங்கலம் பக்கம் புதிதாக முளைத்திருக்கும் மனைப்பிரிவுகளில் வீடுகள் குறைவு, தார்ச்சாலை நீளம். ரீல்ஸில் பார்த்ததை இங்கே ஓட்டிப் பார்க்கலாமே என்று ஆசை வருவது இயல்பு. ஆனால் கடையில் அழகான படம் போட்ட பலகையைப் பார்த்து வாங்கினால், முதல் ஜல்லிக்கல்லிலேயே முட்டி பெயர்ந்துவிடும்.

ஸ்கேட்போர்டும் இதுவும் ஒன்றா?

உறவுதான், ஆனால் வேலை வேறு. மாமல்லபுரத்துச் சிறுமி கமலியை நினைவிருக்கலாம். அவரைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவர் ஓட்டுவது ஸ்கேட்போர்டு. சுமார் 32 அங்குலப் பலகை, சின்னச் சக்கரம், சாகசத்துக்கு ஏற்றது. ஒலிம்பிக்கில் இருப்பதும் அதுதான். லாங்போர்டு பெரும்பாலும் 36 முதல் 42 அங்குலம் வரை இருக்கும். தாவுவதற்கு அல்ல, நிதானமாக வளைந்து வளைந்து போவதற்கு. அலையில்லாத நாளில் தரையில் 'சர்ஃபிங்' செய்ய அமெரிக்க அலைச்சறுக்கு வீரர்கள் தொடங்கிய பழக்கம் இது.

அந்தக் காலத்துக் களிமண் சக்கரங்கள் கல்லில் மாட்டி ஆளைத் தூக்கி எறிந்தன. 1970-களில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் சாலை வசப்பட்டது. நம்ம ஊருக்கும் அதே பாடம்தான். வீடு கட்டும் தெருவில் எம்-சாண்டும் ஜல்லியும் சிதறாத நாளே கிடையாது. எனவே 70 மி.மீ. விட்டமும், '78ஏ' போன்ற மென்மையும் உள்ள சக்கரமாகக் கேளுங்கள். ஸ்கேட்போர்டில் வரும் 50 மி.மீ. கடினச் சக்கரம் இந்தச் சாலைக்கு ஆகாது.

அடுத்தது உயரம். சக்கர அச்சைத் தாங்கும் 'ட்ரக்' பலகையின் துளை வழியே மாட்டப்பட்டிருந்தால் பலகை தாழ்வாக நிற்கும். கால் எளிதில் தரையைத் தொடும். தள்ளுவதும் நிறுத்துவதும் சுலபம். புதியவர்களுக்கு இதுவே நல்லது. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பலகையின் ஒரு ஓரத்தில் ஏறி அழுத்துங்கள். சக்கரம் பலகையில் உரசினால் வேண்டாம். ஓடும்போது அப்படி உரசினால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

பேரிங் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பழைய பேரிங்கைக் கோத்து 'பேரிங் வண்டி' ஓட்டிய தலைமுறைக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். பொதுவாக 608 ரகம், சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

எங்கே ஓட்டுவது?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலை கண்டிப்பாக வேண்டாம். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடும் சாலை அது. ஓரமாகப் போகிறேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அடுக்குமாடி வளாகத்தின் உள்சாலை, பள்ளியின் கான்கிரீட் மைதானம், ஆள் நடமாட்டமில்லாத மனைப்பிரிவு போன்றவை சரி. அனுமதி கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

முதல் வாரம் வேகமே வேண்டாம். முன்காலில் முழு எடையையும் வைத்து, பின்காலின் அடிப்பாகத்தை லேசாகத் தரையில் தேய்த்து நிற்கப் பழகுங்கள். சட்டென்று ஊன்றினால் குப்புற விழ வேண்டியதுதான். ஷூ சீக்கிரம் தேயும், போகட்டும். ஹெல்மெட்டுடன் மணிக்கட்டுக் கவசமும் அவசியம். விழும்போது எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள்.

ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போர்டு வீட்டிலேயே இருக்கட்டும். தெருநாய் துரத்தினால்? வேகம் எடுக்காதீங்க. அது இன்னும் வேகமாக ஓடிவரும். இறங்கி, பலகையை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடங்க. சக்கரச் சத்தம் நின்றால் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.