பிள்ளையை வளர்ப்பது வீடு மட்டுமா?

பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை அறியாமல், மரியன்னையும் சூசையப்பரும் ஒருநாள் வழி நடந்துவிட்டனர். ஏன்? உடன் வந்த உற்றார், அறிந்தோர் நடுவே பிள்ளை இருப்பான் என்ற நம்பிக்கைதான். அவ்வாறு நம்பத்தக்க சுற்றம் நம் பிள்ளைகளுக்கு இன்று உண்டா?

நெய்வேலியைப் பார்ப்போம். 1957-இல் பிரதமர் நேரு தொடங்கிவைத்த நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்து எழுந்தது நகரியம். வட்டம் வட்டமாக வீடுகள், நிழல் தரும் மரங்கள், பள்ளிகள், விளையாட்டுத் திடல்கள். நகரியத்திற்கு வெளியே ஒப்பந்தத் தொழிலாளர் பலரின் நெருக்கமான குடியிருப்புகள். அங்கே, "வேலை நிலையில்லையே" என்ற தாயின் பெருமூச்சு மகனின் காதில் விழுகிறது. "படித்து என்ன பயன்?" என்ற சோர்வு அவன் உள்ளத்தில் முளைக்கிறது.

நகரியத்து வீட்டிலும் குறை உண்டு. பிற்பகல் ஷிப்டுக்குச் செல்லும் தந்தை, மகன் பள்ளியிலிருந்து திரும்புமுன் புறப்படுகிறார். அவன் உறங்கியபின் வருகிறார். தந்தையும் மகனும் மனம்விட்டுப் பேசாமலே நாட்கள் கழிகின்றன. அவ்விடத்தைக் கைப்பேசி நிரப்பிவிடுகிறது.

வளரிளம் பருவத்தினருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் உடலுழைப்போ விளையாட்டோ தேவை. எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை என்பர் மருத்துவர். திடலில்லாத தெருவிலும், இரவெல்லாம் ஒளிரும் திரையின் முன்னும் இவை எங்ஙனம் கிட்டும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆண்பிள்ளைகள் உண்ட பின் மிஞ்சியதே மகளுக்கு என்ற வழக்கம் நம் வீட்டில் இருந்தால், அதையும் இன்றே மாற்றுவோம்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நகரியத்துப் பிள்ளையும் வெளியூர்ப் பிள்ளையும் அருகருகே அமர்கின்றனர். அவ்வுறவு ஞாயிறோடு முடிய வேண்டுமா? மாலை வேளைகளில் பங்கு மன்றத்தைத் திறந்து வைப்போம். கணக்கு அறிந்தவர் கணக்குச் சொல்லித் தரட்டும். பணி ஓய்வு பெற்றோர் விளையாட்டை நடத்தட்டும். தெருவில் வாடிய முகத்தோடு நிற்கும் பிள்ளையைக் கண்டால், குறைகூறாமல், "சாப்பிட்டாயா?" என்று கேட்போம்.

"எங்கள் பிள்ளை உங்கள் நடுவேதான் இருப்பான்" என்று எந்தத் தாயும் நம்பி நடக்கத்தக்க கூட்டமாக நம் பங்கு விளங்கட்டும்.